மேட்ச்சுக்கு முன்பா, பின்பா: ரெஸ்லிங் கிசுகிசுவை எப்போது படிப்பது?

சித்தப்பா மகன் பத்து வருடம் கழித்து மறுபடியும் ரெஸ்லிங் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். சின்ன வயதில் டென் ஸ்போர்ட்ஸே கதி என்று கிடந்து, டிரம்ப் கார்டுக்காக அடித்துக்கொண்டு, பாட்டி வீட்டு மெத்தையை ரிங் ஆக்கிக் கிழித்தவர்கள் நாங்கள். நடுவில் படிப்பு, வேலை என்று அவனுக்கு விட்டுப்போயிற்று. 2025 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ. இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் பழைய பைத்தியம் திரும்பிவிட்டது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு போன் செய்தான்.

“அண்ணா, இந்த பேக்ஸ்டேஜ் நியூஸெல்லாம் படிக்கிறதா வேண்டாமா? படிச்சா மேட்ச் சப்புன்னு ஆயிடுது. படிக்கலைன்னா கூட்டம் எதுக்குக் கத்துதுன்னே புரிய மாட்டேங்குது.”

இருபது வருடமாக நானும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாளை நடக்கப்போகும் கிரிக்கெட் மேட்ச்சின் முடிவை எந்த நிருபராலும் இன்றைக்கே சொல்ல முடியாது. ரெஸ்லிங்கில் சொல்ல முடியும். ஏனென்றால் அதை யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். இது ரகசியமும் இல்லை. 1989-இலேயே, இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.யான வின்ஸ் மக்மானின் நிறுவனம், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிப்பதற்காக, நியூஜெர்சி மாநில அரசிடம் “இது பொழுதுபோக்குதான்” என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் எழுதி வைத்த கதைக்குப் பின்னால் எழுதாத கதை ஒன்றும் ஓடுகிறது. யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, யாருக்கு நிஜமாகவே தோள் கிழிந்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அந்தக் கதை. பேக்ஸ்டேஜ் செய்தி என்ற ஒரே பெயரில் இந்த இரண்டும் கலந்து வருவதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

தம்பிக்கு முன்னால் இருந்தவை நான்கு வழிகள்: எதையும் படிக்காமல் பார்ப்பது, யூடியூபிலும் பேஸ்புக்கிலும் இலவசமாகக் கொட்டுவதைப் படிப்பது, காசு கட்டி நல்ல நிருபர்களைப் படிப்பது, எல்லாம் முடிந்த பிறகு படிப்பது.

கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 2025 மார்ச் 1 போதும். டொராண்டோவில் எலிமினேஷன் சேம்பர் என்ற பெரிய ஷோ. இருபது வருடத்துக்கு மேல் கதையில் நல்லவனாகவே இருந்த ஜான் சீனா, சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்தபடியே கண்ணால் ராக்கை (சினிமா நடிகர் டுவைன் ஜான்சன்தான்) பார்த்துவிட்டு, மறு நொடி ரோட்ஸின் காலுக்கு நடுவே உதைத்தார். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தினமும் ரெஸ்லிங் செய்தி படிக்கிறவர்களும் அன்று அப்படித்தான் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விஷயம் வெளியே கசியவே இல்லை. வருடத்தின் மிகப் பெரிய ஷோவான ரெஸில்மேனியாவில் தோற்றதே இல்லாத அண்டர்டேக்கரின் 21-0 கணக்கை 2014-இல் பிராக் லெஸ்னர் முடித்துவைத்தபோதும் இதே கதைதான். கூட்டத்தில் வாயைப் பிளந்து நின்ற ஒரு ரசிகரின் முகம் இன்றுவரை மீமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் பெரிய அதிர்ச்சிகளைக் காப்பாற்றிக்கொள்ள கண்ணைக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. அவற்றை அவர்களே கட்டிக்காக்கிறார்கள். நாலைந்து பேருக்கு மேல் சொல்வதில்லை. கிசுகிசு கெடுப்பதெல்லாம் நடுத்தர ஆச்சரியங்களை. முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வரும் ராயல் ரம்பிளில் பன்னிரண்டாவதாக யார் வருவார், காயத்திலிருந்து யார் திரும்புகிறார் என்கிற மாதிரி.

இந்த வழியில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வாராந்தர ஷோவான ரா அமெரிக்காவில் திங்கள் இரவு ஓடும்போது நமக்குச் செவ்வாய் விடிகாலை. வேலைக்குப் போகிறவன் இரவுதான் பார்க்க முடியும். இடையில் பன்னிரண்டு பதிமூன்று மணி நேரம் போன் கையில் இருக்கிறது. யார் ஸ்பாய்லர் போடுகிறார்கள் என்று தேடினால் முதல் குற்றவாளி அந்தக் கம்பெனியின் சொந்த யூடியூப் சேனல்தான்! ஷோ முடிவதற்குள்ளேயே, புது சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கும் படத்தோடு வீடியோ வந்துவிடும். கிசுகிசு பக்கங்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டு அதிகாரப்பூர்வச் சேனலை சப்ஸ்கிரைப் செய்து வைத்திருந்தான் தம்பி. திருடனுக்குப் பயந்து வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

சரி, முடிவு தெரிந்தால் சுவை நிஜமாகவே போய்விடுகிறதா? இதற்கு ரெஸ்லிங் வரலாற்றிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 1999 ஜனவரி 4. அப்போது போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நைட்ரோ ஷோவும் மக்மானின் ராவும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டிருந்த காலம். நைட்ரோ நேரலை; அன்றைய ரா ஆறு நாள் முன்பே பதிவாகியிருந்தது. எதிராளியின் ஷோவைக் கெடுப்பதற்காக, அந்த ராவில் மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப்போகிறார் என்பதை நைட்ரோ வர்ணனையாளர் டோனி ஷியவோனி மேலிடத்து உத்தரவின்படி நேரலையிலேயே போட்டு உடைத்தார். கூடவே, அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று ஒரு கிண்டலும். லட்சக்கணக்கானவர்கள் அந்த நிமிடமே சேனலை மாற்றி ராவுக்குப் போனார்கள். காது கிழிந்து, கூண்டு மேலிருந்து தூக்கி எறியப்பட்டு, உடம்பைப் பணயம் வைத்தே பேர் வாங்கிய மனிதனுக்குக் கடைசியில் பெல்ட் கிடைக்கிறது என்றால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

நம் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. பாரதக் கூத்தில் படுகளத்தன்று துரியோதனன் சாவான் என்பது தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? முடிவு தெரிந்தால் செத்துப்போகிற கதை, தெரியாவிட்டாலும் ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

இலவசக் கொட்டு

இதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு நிருபர் “பேச்சு அடிபடுகிறது” என்று ஒரு வரி எழுதுவார். மதியத்துக்குள் அது பன்னிரண்டு வீடியோவாகிவிடும். ஒவ்வொரு கைமாறும்போதும் ஒரு “இருக்கலாம்” உதிர்ந்து, சாயங்காலம் “உறுதி” என்று வந்து நிற்கும். சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த முகம், பாதி மறைத்த படம்.

நான் இதில் ஏமாந்த கதையைச் சொன்னால்தான் தம்பி நம்பினான். 2023 ராயல் ரம்பிள், சான் ஆன்டோனியோவில். ராக் வரப்போகிறார், ரெஸில்மேனியாவில் ரோமன் ரெய்ன்ஸோடு மோதப்போகிறார் என்று அதற்கு முந்தைய சில மாதங்களாகவே ஊரெல்லாம் பேச்சு. நானும் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் அடித்துச் சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். முதலாவதாக வந்த குந்தர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடி வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் நின்றார். மார்புத் தசை கிழிந்து ஏழு மாதம் வெளியில் இருந்த கோடி ரோட்ஸ் முப்பதாவதாக வந்து ஜெயித்தார். அதைவிட நல்ல ரம்பிள் முடிவு எத்தனை இருக்கிறது? நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு தடவை கவுன்டவுன் ஓடும்போதும் ராக்கின் பாட்டு வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. சப்பென்று டிவியை அணைத்துவிட்டேன். கண் முன்னால் நடந்த நல்ல மேட்ச்சைப் பார்க்காமல், நடக்காத ஒன்றுக்காகத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை, அந்த வதந்தி பொய்யே இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் பேட் மக்காஃபியின் நிகழ்ச்சியில் ராக்கே சொன்னார்: அந்த மேட்ச்சுக்குப் பேசி முடித்திருந்தோம், பிறகு தள்ளிவைத்துவிட்டோம் என்று. உண்மையான செய்தி, ஆனால் நடக்கவில்லை. எழுதுகிறவர்கள் தினமும் கதையை மாற்றுகிற தொழில் இது. அடுத்த மாத மேட்ச்சைப் பற்றிய செய்தி என்பது, இன்னும் அடுப்பில் ஏறாத குழம்புக்கு ருசி சொல்கிற மாதிரி. “திட்டம் மாறிவிட்டது” என்று நிருபர்கள் சொல்வதைக் கிண்டலடித்தே ரசிகர்கள் பொழுதைக் கழிக்கிறார்கள். பாவம், பாதி நேரம் நிஜமாகவே மாறியிருக்கும்.

காசு கட்டிப் படிப்பது

டேவ் மெல்ட்சர் 1980களின் தொடக்கத்திலிருந்து ரெஸ்லிங் அப்சர்வர் என்ற செய்தி மடலை நடத்திவருகிறார். வேட் கெல்லரின் டார்ச் 1987-இல் தொடங்கியது. இந்தத் தலைமுறையில் ஃபைட்ஃபுல் தளத்தின் ஷான் ராஸ் சாப். தொழிலுக்குள் இருப்பவர்கள் இவற்றை “டர்ட் ஷீட்” (அழுக்குத் தாள்) என்று திட்டுவார்கள். திட்டிக்கொண்டே படிப்பார்கள்.

யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ளவா இதற்குச் சந்தா கட்டுவது? அதற்கென்றால் காசு தண்டம். டிக்கெட் எவ்வளவு விற்றது, டிவி ஒப்பந்தம் எவ்வளவுக்குப் போனது, ஐம்பது வருடம் முன்பு ஒரு சின்ன ஊரில் நடந்த மேட்ச்சுக்கும் போன வார ராவுக்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் இவர்கள் அளவுக்கு வேறு யாரும் எழுதுவதில்லை. 2017 ஜனவரி 4-ஆம் தேதி டோக்கியோவில் நடந்த ஒகாடா – ஒமேகா மேட்ச்சுக்கு மெல்ட்சர் ஐந்து நட்சத்திர அளவுகோலில் ஆறு நட்சத்திரம் கொடுத்தார். கணக்கு இடிக்கிறதே என்று சண்டை போடவே அந்த மேட்ச்சைத் தேடிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஜப்பான் ரெஸ்லிங் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

ஆனால் இவர்களுக்கும் எல்லை உண்டு. செய்தி கொடுப்பவர்கள் எல்லோரும் தொழிலுக்குள் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். பெரிய ரகசியம் நாலு பேருக்குள் இருந்தால் இவர்களுக்கும் கிடைக்காது. 2023 நவம்பர் 25, சிகாகோ பக்கத்தில் சர்வைவர் சீரிஸ் ஷோ. சி.எம். பங்க் வருவாரா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் கேட்க, அப்படி ஒரு திட்டமே இல்லை என்றுதான் பெரும்பாலான செய்திகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஷோ முடிந்து, திரையின் மூலையில் நிறுவனத்தின் முத்திரையெல்லாம் வந்த பிறகு, பங்க்கின் பாட்டு ஒலித்தது. பத்து வருடம் முன்பு கோபித்துக்கொண்டு வெளியேறியவர் நடந்து வந்தார். எல்லாம் கடைசி நேரத்தில் கூடிவந்தது என்றார் கதைப் பொறுப்பில் இருந்த டிரிபிள் எச்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொன்னேன். 2022-இல் வின்ஸ் மக்மான் பதவி விலகக் காரணமான செய்தியை வெளிக்கொண்டுவந்தது எந்த ரெஸ்லிங் தளமும் இல்லை, வால் ஸ்ட்ரீட் ஜர்னல். ரிங்குக்குள் நடப்பதற்கு மெல்ட்சர், கம்பெனிக்குள் நடப்பதற்கு நிதிப் பத்திரிகை என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாதாமாதம் டாலரில் கட்ட வேண்டும். புதிதாகத் திரும்பி வந்திருக்கும் ஒருவனுக்கு இப்போதே தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால் கட்டட்டும்.

முடிந்த பிறகு படிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு மேட்ச்சைப் பார்த்துவிட்டு அதன் பின்கதையைப் படிக்கும்போது அது இரண்டாவது தடவை நடக்கிறது. முதல் தடவையைவிடச் சில நேரம் நன்றாகவே நடக்கிறது.

1997 நவம்பர் 9, மான்ட்ரியல். கனடாக்காரரான பிரெட் ஹார்ட், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், ஷான் மைக்கேல்ஸோடு பட்டத்துக்கு மோதுகிறார். மைக்கேல்ஸ், ஹார்ட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை ஹார்ட்டுக்கே போடுகிறார். ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் ரிங் ஓரத்தில் நின்ற மக்மான் மணியை அடிக்கச் சொல்கிறார், மேட்ச் முடிந்துவிட்டது. வெறும் கண்ணால் பார்த்தால் இது ஒரு குளறுபடி, அவ்வளவுதான். நான் முதல் தடவை பார்த்தபோது வீடியோ நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றே நினைத்தேன். பின்கதை தெரிந்து பாருங்கள். ஹார்ட் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கையெழுத்திட்டுவிட்டார். பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய்விடுவாரோ என்று மக்மானுக்குப் பயம். மான்ட்ரியலில் வைத்து மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்று ஹார்ட் பிடிவாதம். வேறு மாதிரி முடிக்கலாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்கிறார்கள். அதை மீறித்தான் மணி அடிக்கிறது. அந்தச் சமயத்தில் ஹார்ட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு கூடவே சுற்றிக்கொண்டிருந்ததால், மக்மான் முந்தி அவரிடம் பேசியதுகூடப் பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கடைசி ஒரு நிமிடத்தைப் பாருங்கள். ஹார்ட் எழுந்து மக்மான் முகத்தில் துப்புவதும், போட்டிக் கம்பெனியின் மூன்று எழுத்தைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டுவதும் வேறு மாதிரி தெரியும்.

அண்டர்டேக்கர் தோற்ற அந்த 2014 இரவும் அப்படித்தான். மேட்ச் மந்தமாகப் போகிறதே என்று அன்று எனக்குக் குறை. அந்த மேட்ச்சிலேயே அவருக்குத் தலையில் அடிபட்டு மூளையில் அதிர்வு ஏற்பட்டிருந்தது, நினைவே சரியாக இல்லை என்று பிறகு வந்தது. அதைப் படித்ததும் திரும்பப் பார்த்தேன். குறை சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். ஓய்வுபெற்ற ரெஸ்லர்கள் எல்லோரும் இப்போது பாட்காஸ்ட் வைத்திருக்கிறார்கள். ஒரே சம்பவத்தை மூன்று பேர் சொன்னால் மூன்று பேருமே அதில் நியாயஸ்தர்களாக இருப்பார்கள். கதை சொல்லியே பிழைத்தவர்கள். உப்பு காரம் சேர்க்காமல் அவர்களுக்குச் சொல்லவே வராது. ரசித்துக் கேட்கலாம். சத்தியம் பண்ணக் கூடாது.

அப்படியென்றால் முன்னால் எதையுமே படிக்கக் கூடாதா?

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கதைகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. யார் ஜெயிப்பார், யார் திரும்பி வருவார் என்பது எழுதி வைத்த கதையைப் பற்றிய செய்தி. ஒப்பந்தம், காயம், பதவி எல்லாம் ஆளைப் பற்றிய செய்தி. கதைச் செய்தி மேட்ச்சுக்குப் பின்னால், ஆள் செய்தி முன்னால். தம்பிக்கு நான் சொன்ன வழி இதுதான்.

2011 ஜூலையில் சிகாகோ பக்கத்தில் பங்க்கும் சீனாவும் பட்டத்துக்கு மோதினார்கள். பங்க்கின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது என்பது நிஜமான செய்தி. அதையே கதையாக்கி, பெல்ட்டோடு வெளியேறிவிடுவேன் என்று அவரை மிரட்டவைத்திருந்தார்கள். அவர் உள்ளுக்குள் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது கதைச் செய்தி. முதலாவது தெரிந்து, இரண்டாவது தெரியாமல் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். 2021 ஆகஸ்டில் அதே பங்க் இன்னொரு போட்டிக் கம்பெனியான ஏ.இ.டபிள்யூ.வில் சேரும்போது, அவர் பெயரையே சொல்லாமல் சிகாகோவின் யுனைடெட் சென்டரை நிரப்பினார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் யார் வருகிறார் என்று தெரியும். அந்த இரைச்சலைக் கேளுங்கள், வதந்தி எதையும் கெடுக்கவில்லை.

2024 இன்னும் நல்ல உதாரணம். ஜனவரி 23 அன்று ராக், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் தாய்க் கம்பெனியான டி.கே.ஓ.வின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். வணிகப் பக்கத்துச் செய்தி. நாலு நாள் கழித்து கோடி ரோட்ஸ் மறுபடி ரம்பிள் ஜெயித்தார். ஜெயிப்பவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் இடம் கிடைக்கும். பிப்ரவரி 2 அன்று, இன்னொரு வாராந்தர ஷோவான ஸ்மாக்டவுனில், ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரோமனோடு மோதும் தன் இடத்தை ரோட்ஸ் விட்டுக்கொடுக்க, ராக் வந்து நின்றார். ஜனவரிச் செய்தியைப் படிக்காதவனுக்கு, பழைய நட்சத்திரம் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். படித்தவனுக்கு, முதலாளி பக்கத்து ஆள் ஒருவர் வரிசையில் முன்னால் வந்து நிற்கிறார். உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்ததற்கு அந்த இரண்டாவது பார்வையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆறே நாளில், லாஸ் வேகாஸ் மேடையில் ரோட்ஸுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. ராக் கெட்டவரானார். ஏப்ரல் 7 அன்று பிலடெல்பியாவில், 1,316 நாள் சாம்பியனாக இருந்த ரோமனை ரோட்ஸ் வீழ்த்தினார். முதலிலிருந்தே இப்படித்தான் திட்டமா, ரசிகர்களுக்குப் பயந்து மாற்றினார்களா என்று இன்னும் அடித்துக்கொள்கிறோம். நான் மாற்றினார்கள் கட்சி.

தம்பிக்குக் கடைசியில் சொன்னது: செவ்வாய் காலை யூடியூபைத் தொடாதே, அதிகாரப்பூர்வச் சேனலை அன்சப்ஸ்கிரைப் செய். சிவப்பு அம்புக்குறி போட்ட எதையும் திறக்காதே. யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள். மற்றதை மேட்ச் பார்த்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படி. ராயல் ரம்பிளுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. யார் வருவார் என்று முந்தின வாரமே யாராவது உளறிவிடுவார்கள். அன்றைக்கு விடிகாலையே எழுந்து நேரலையில் பார்த்துவிடு. அமெரிக்காவில் நடந்தால் நமக்கு அது பெரும்பாலும் ஞாயிறு காலைதான், லீவுகூடப் போட வேண்டியதில்லை.